பன்றி மிதித்த கல்

"திருட்டுக் கல்லுல கொட்டில் கட்டி, அதுல பன்னிங்களை ராஜா மாதிரி குடிவச்சிருக்கியே, வெட்கமா இல்ல?"

வெர்னிஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கடப்பாரையும் கைவண்டியுமாகப் பாதி ஊர் நின்றது.

எக்பர்ட் கொட்டிலுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"முதல்ல குட்மார்னிங் சொல்லு, வெர்னிஸ். அப்புறம் திட்டு. ஆன்டிகுவாக்காரி நீயே மரியாதையை மறந்துட்டா எப்படி?"

"குட்மார்னிங், திருடா!"

எல்லாரும் சிரித்தார்கள். எக்பர்ட்டும்தான்.

மேட்டின் மேல் பாதி இடிந்து நிற்கும் பழைய கரும்பாலைக் கோபுரத்தை ஊரே சேர்ந்து மீண்டும் எடுத்துக்கட்டிக்கொண்டிருந்தது. வட்டக் கோபுரம் என்பதால் அதன் ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும். நேர்ச்சுவரில் வளைந்த கல் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆலை புதர் மண்டிக் கிடந்த நாளில் அடுப்புக்கும் வேலிக்கும் என்று அவரவர் உருட்டிப் போனவை. கோபுரம் கட்டும் குழுவுக்குத் தலைவியானதும் வெர்னிஸ் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்தாள்.

"நம்ம முன்னோருங்க அடிமைங்களா சவுக்கடி பட்டு அடுக்கின கல்லு இது. முதலாளி பேரைச் சொல்ல மாளிகை இருக்கு, மண்டபம் இருக்கு. அவங்களைச் சொல்ல இந்தக் கோபுரத்தை விட்டா என்ன இருக்கு? எங்க அப்பா இதுலேருந்து ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொட்டதில்லை!"

எக்பர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எடுத்துட்டுப் போ. பன்னிங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

மத்தியானத்துக்குள் கொட்டில் தரைமட்டமானது. பன்றிகள் ரோட்டில் உலாப்போயின. ஆனால் மேட்டில் கொத்தனார் ஹெஸ்கெத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, வாசலுக்கு மேல படுக்க வைக்கற நீளக் கல்லு இல்ல. அது இல்லாம மேல ஒண்ணும் ஏத்த முடியாது."

"நாளைக்குத் தேடலாமே?"

"ராத்திரி பெருங்காத்துன்னு ரேடியோல சொல்லிட்டான். முட்டுக்கொடுத்த மரம் தாங்காது. வாசல் சரிஞ்சா பின்னாலேயே கோபுரமும் சரியும்."

வெர்னிஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். எத்தனை வருஷத்து உழைப்பு!

"யார் வீட்டுல இருக்கு அந்தக் கல்லு? இப்பவே கொண்டு வாங்க! ஒளிச்சு வச்சிருக்கறவன் திருடன் மட்டுமில்ல, ஊருக்கே துரோகி!"

யாரும் அசையவில்லை. கல் வண்டியோடு மேடேறி வந்திருந்த எக்பர்ட் மட்டும் எழுந்து போய், வாசலின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தான். அப்புறம் வெர்னிஸைப் பார்த்தான்.

"என்ன முறைக்கிற?"

"ஒண்ணுமில்ல. பன்னித்தொட்டிக்கு அடியில ஒண்ணு கிடந்த மாதிரி ஞாபகம்."

தன் மச்சான்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, பழைய லாரியில் இறங்கிப் போனான்.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. லாரியில் ஒரு நீளக் கல். ஒரு பக்கம் வில்லாக வளைந்திருந்தது. மேலெல்லாம் பன்றிச் சேறு.

"பார்த்தீங்களா! கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்திருக்கான்!" வெர்னிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கல்லின் நடுவில் வழவழவென்று ஒரு பள்ளம். "ஐயோ, எப்படிக் குழிஞ்சு போயிருக்கு! எத்தனை தலைமுறைப் பன்னி மிதிச்சுதோ?"

மச்சான்களில் ஒருவன் குபீரென்று சிரித்தான். எக்பர்ட் அவன் காலை மிதித்தான்.

ஹெஸ்கெத் சேற்றைச் சுரண்டினான். "என்னமோ சிவப்பா ஒட்டியிருக்கே, அண்ணே?"

"கிறிஸ்துமஸுக்குச் சோரல் பூ சர்பத் காய்ச்சறோமில்ல, அந்தச் சக்கையைப் பன்னிக்குத்தான் போடுவேன்," என்றான் எக்பர்ட் சட்டென்று.

"அதெல்லாம் இருக்கட்டும். எல்லார் முன்னாலயும் ஒத்துக்கோ," என்றாள் வெர்னிஸ்.

எக்பர்ட் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பவன்போல நின்றான். "நான்தான் எடுத்தேன். நான் ஒரு பெரும்பாவி. என் பன்னிங்களும் பாவிங்க."

மேடே சிரிப்பில் அதிர்ந்தது.

பள்ளம் மேல்பக்கமாக இருந்தால் சாந்து நன்றாகப் பிடிக்கும் என்று ஹெஸ்கெத் சொல்ல, ஆறு பேர் தூக்கி வைத்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் கல் உட்கார்ந்தது. மேலே இரண்டு வரிசை ஏறியதும் சோளக்களியும் உப்புமீனும் வந்தன. வெர்னிஸ் எக்பர்ட்டின் தட்டில் ஒரு துண்டு மீனைக் கூடுதலாகவே போட்டாள்.

"திருடனா இருந்தாலும் திருப்பிக் கொடுத்தியே. அதுக்காக."

"உன் பெரிய மனசுக்கு நன்றிம்மா," என்றான் எக்பர்ட், வாயெல்லாம் மீனாக.

முதல் தூறல் விழுந்தபோது வெர்னிஸ் பாட்டு முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல வாசற்படியில் கால் வைத்தாள்.

டொம் என்று சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். காலுக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட ஒரு மரத்தொட்டி. பன்றிக்குத் தீனி வைக்கும் தொட்டி. அவள் கிறிஸ்துமஸ்தோறும் படிக்குப் பூசும் அதே சிவப்புச் சாயம், அவள் வீட்டு டப்பாவிலிருந்தே எடுத்து, தெருவில் போகிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபடி பூசியிருந்தது. ஓரங்களில் இன்னும் காயவில்லை.

தொட்டிக்குப் பின்னால், அவள் அப்பா பதித்த படிக்கல் இத்தனை நாள் புதைந்து கிடந்த மண்ணில், வில்லாக வளைந்த ஒரு தடம்.

வெர்னிஸ் அப்படியே தொட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

கல்லை மிதித்து மிதித்துக் குழியாக்கிய பன்றி எது என்று இப்போது தெரிந்தது.