டுகாட்டில் ஒரு கட்டைவிரல்

நாணயம் கண்ணாடிக் குப்பியிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

அவன் தேநீர் டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

நாச்சிமுத்து அதை விளிம்பில் பிடித்து ட்யூப்லைட்டை நோக்கித் தூக்கினார். நாணயச் சங்கத்தில் எல்லோருக்கும் மூத்தவர். உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அடுத்தவர் நாணயத்தில் அழுக்கைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

“ஏனுங் தம்பி, இத்தனை நாளா இதை இப்படியேவா வெச்சிருந்தீங்க? எவனோ எண்ணெய்க் கையை வெச்சிருக்கான், அதும் நேரா காசுல இருக்கற வீரன் கால் மேல. ஒரே முக்கு. அசிட்டோனுங். தங்கத்தைத் தொடாது. அழுக்கை மட்டும் எடுத்துப்போடும்.”

“அண்ணன் கையில குடுத்தா ராஜா தலையில இருக்கற பேனையும் எடுத்துருவாரு” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள்.

எவனோ இல்லை. அவன் மகள்.

அப்போது ஆறு வயது. நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டே வந்து, அவன் மேசை மேல் பிரித்து வைத்திருந்த டுகாட் தங்கக் காசை எடுத்தாள். விளிம்பில் பிடிக்கத் தெரியவில்லை. கட்டைவிரல் வீரனின் முழங்காலில் தொடங்கி, அந்த வீரன் கையிலிருந்த அம்புக்கட்டு வரை அழுந்தியது.

பளாரென்று ஒரு அறை.

அவள் அழவில்லை. கையைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“துடைச்சுட்டேம்ப்பா.”

வரும் ஞாயிறு அசிட்டோன் வாங்கிச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். அறைந்த நாளிலிருந்து பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

நாணயத்தை அதன் பிறகு யாரும் துடைக்கவில்லை.

நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்க்க வேண்டும். அப்போது ரேகை எழும். சுழி சுழியாக, சின்னதாக.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவன் மனைவி ஜன்னலருகே உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். அவனுடைய லென்ஸால். மூன்று வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

இன்றும் ஞாயிறு. காலையில்கூடச் சொன்னாள்.

“அதை வெளிய எடுத்துட்டுப் போகாதீங்க.”

அந்த வருடத்து டுகாட் கோயமுத்தூரிலேயே வேறு யாரிடமும் கிடையாது. நாலு பேர் பார்த்து, அட என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று எடுத்து வந்தான். தேநீர் வாங்க எழுந்தபோது வெல்வெட் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்.

நாச்சிமுத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“தேங்க்ஸுங்ணா” என்றான்.

டம்ளரை மேசையில் வைத்தான்.

வாங்கிச் சாய்த்தான். இன்னும் சாய்த்தான். வீரன் முழங்காலும் அம்புமாகப் பளிச்சென்று நின்றான். ஹாலந்தில் அடித்து முந்நூற்று எழுபது வருடம். அதில் ஒன்றும் குறையவில்லை. கடைசி மூன்று வருடம் மட்டும் இல்லை.

காந்திபுரத்தில் பைக்கை நிறுத்தினான். சிப்ஸ் கடையில் நூறு கிராம் வாங்கினான். வாணலியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கடைக்குப் பக்கவாட்டில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றான்.

சிப்ஸ் எண்ணெய் படிந்த கட்டைவிரலால் நாணயத்தில் அழுத்தினான். வீரன் முழுவதும் மறைந்துபோனான்.

சட்டையில் துடைத்தான். தங்கத்தைத் துணியில் தேய்த்தவர்களோடு பல நாள் சண்டை போட்டவன். கீறல் விழும் என்று அவனுக்குத் தெரியும். துடைத்தான்.

ஆள்காட்டி விரல். பெரிது.

துடைத்தான்.

சுண்டுவிரல். நுனி மட்டும். முழங்காலில் தொடங்கி அம்பு வரை. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தான்.

சாய்த்துப் பார்த்தான்.

சுழி சுழியாக இருந்தது.

வீட்டில் ரசமும் பீன்ஸ் பொரியலும். அவன் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான். சங்கத்தில் யார் யார் வந்தார்கள் என்று மனைவி கேட்கவில்லை. கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஜன்னலருகே போய் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

கொடுத்தான்.

அவள் விளிம்பில்தான் பிடிப்பாள். அவன் சொல்லிக்கொடுத்தது. லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள். சாய்த்தாள்.

தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் யாரையோ கூப்பிட்டார். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிட்டது.

மற்ற நாட்களைவிட நேரமாயிற்று. ஒருமுறை நாணயத்தை மூக்கருகே கொண்டுபோனாள். திரும்பவும் சாய்த்தாள்.

அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் போகவில்லை.

“பாப்பா வளர்ந்துட்டா” என்றாள்.

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.