பாஸ்கல் ஆபீசுக்கு வந்தாச்சு

அன்றைக்கும் எல்லோருக்கும் முன்னால் பாஸ்கல்தான் ஆபீசுக்கு வந்திருந்தார்.

"மேடம், பாருங்க. பாஸ்கல் பேருக்குப் பக்கத்துல பச்சை லைட்டு," என்றான் ஜெரி.

வக்கீல் கரோலின் எட்டிப் பார்க்கவில்லை. அவளுடைய ராயபுரம் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த பாஸ்கல், மச்சானின் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போய் ஏழு வருஷம் தாண்டிவிட்டது. படகு மட்டும் முகத்துவாரக்குப்பத்தில் கரை ஒதுங்கியது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களை கிளவுடுக்கு மாற்றிக் கொடுக்க வந்தவன் ஜெரி. இனிமேல் அவரவர் டெஸ்க்டாப் எந்த ஊரிலிருந்தும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கும்; திறந்தவர் பேருக்குப் பக்கத்தில் பச்சை எரியும். போன வாரம்தான் மாற்றி முடித்தான். மறுநாளே பாஸ்கல் வந்துவிட்டார்.

"போய்ச் சேர்ந்தவர் பேரை ஏன்ப்பா சேர்த்தே?"

"நீங்க குடுத்த பழைய லிஸ்ட்டுல கீது மேடம். அதுல இருந்த எல்லாருக்கும், பழைய பாஸ்வேர்டே போதும்னு மெயில் போட்டுட்டேன்."

அந்தப் பேரை எடுக்க கரோலினுக்குத்தான் கை வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஒரு கல்லறைகூட இல்லாத மனிதர், பேராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தாள்.

"இன்னா வக்கீலம்மா, இன்னிக்குத் தாக்கல் பண்ணிடுவியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் சிலுவையம்மாள். பாஸ்கலின் மனைவி.

அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் அறிவிக்க வேண்டும் என்பதுதான் அவள் மனு. அது வந்தால்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மேத்யூவுக்கும் அவளுக்கும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை படிப்பார்கள்.

"சாமியார் ஒரே புடியா நிக்கறாரு, பேப்பர் குடுத்தாத்தான் ஓலைன்னு. மேத்யூ இன்னாடான்னா, நீ பேப்பர் வாங்கறதுக்குள்ள நான் கெய்வனாப் பூடுவேன்றாரு."

"உட்காருங்கக்கா. ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு அனுப்பிடறேன்."

கரோலின் மனுவைத் திறந்தாள். ஆபீசில் யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய பொது ஃபைல் அது. அவள் கை மடியில் இருந்தது. ஆனால் திரையில் எழுத்து அழிந்துகொண்டிருந்தது.

'மகள் அனிஷா, பள்ளி மாணவி' என்று இருந்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, 'நர்சிங் மாணவி' என்று வந்தது.

"யாரும்மா அடிக்கறது?" என்றாள் சிலுவையம்மாள்.

மறைக்க முடியவில்லை. ஜெரி சொல்லிவிட்டான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உங்க வீட்லேருந்து யாராவது…" என்று இழுத்தாள் கரோலின்.

"எங்க வூட்ல டிவியே ஓடல. அதுவுமில்லாம, மனசுல கீறதயே சொல்லாத மனுசன், பாஸ்வேர்டயா சொல்லிட்டுப் பூட்டாரு?"

சொல்லிவிட்டு அவள் திரைப்பக்கம் குனிந்தாள். "புள்ள நர்சிங் சேந்தது நான் உன்னாண்டகூடச் சொல்லலியேம்மா. பாத்துகினேதான் கீறாரு."

திரையில் அடுத்த வரி ஊர்ந்து வந்தது. 'அன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது.'

"அன்னிக்குக் காத்தே இல்லியே," என்றாள் சிலுவையம்மாள். பிறகு அவளே, "நமக்கின்னா தெரியும்? உள்ள போன மனுசனுக்குத்தான தெரியும்," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "பேஜாரா கீது மேடம். கட் பண்ணிடட்டா?"

"பண்ணாத நைனா!" சிலுவையம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "ஆவியா வந்துகீறாருன்னா செத்துட்டாருன்னுதான அர்த்தம்? ஜட்ஜுக்கு இத்தவிட இன்னா சாட்சி வோணும்?"

"ஜட்ஜு நம்பறதுக்குள்ள நான் பூடுவேன் போலக்கா," என்றான் ஜெரி.

கரோலின் மட்டும் சிரிக்கவில்லை. யார் கை வைத்தது என்று தெரியாத மனுவில் அவள் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? "கட் பண்ணு ஜெரி," என்றாள்.

ஜெரி ஒரு பட்டனைத் தட்டினான். பச்சை அணைந்தது. 'அவர் உயிரோடு இருக்க வாய்ப்பி' என்ற இடத்தோடு எழுத்து நின்றுபோனது.

மூவரும் மூச்சு விட்டார்கள். "போய்ட்டு வாய்யா," என்றாள் சிலுவையம்மாள் மெதுவாக, திரையைப் பார்த்து. "ஆத்துமா பூசைக்குச் சொல்றேன்."

மேஜையில் ஆபீஸ் போன் அடித்தது. கரோலின் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள்.

எங்கேயோ லாரி ஹாரன். யாரோ கூப்பிடும் குரல்: "அண்ணே, டீ ஆறுது பாரு." பிறகு ஒரு செருமல். அந்தச் செருமலைக் கேட்டதுமே சிலுவையம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், மூடிடாதீங்க. நான் செத்துட்டேன்னு இன்னும் அடிச்சு முடிக்கல."