ஆறாம் வரிசை ஏன் சாகவில்லை

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் புது ரக வெளியீட்டு விழா மேடையில் மூன்றாவது முறையாகத் தன் தக்காளிக்குச் சாகாவரம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆய்வு உதவியாளர் ஆறாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது இந்நேரம் செத்திருக்க வேண்டும்.

இந்த வயலின் மண்ணில் வாடல் நோய்க் கிருமியைப் பன்னிரண்டு வருடமாக ஊட்டி வளர்க்கிறார்கள். புது ரகம் எதுவானாலும் இங்கே நட்டுத்தான் சோதிப்பார்கள். பக்கத்திலேயே, நோய் என்ற பேச்சு காதில் விழுந்தாலே சுருண்டுவிடும் பழைய ரகம் ஒன்றையும் நடுவார்கள். அதுதான் ஆறாம் வரிசை. சாவது ஒன்றுதான் அதற்கு வேலை. அது செத்தால்தான் மண்ணில் நோய் இருக்கிறது என்று பொருள். அது பிழைத்துவிட்டால் மற்றவை பிழைத்ததற்கும் மதிப்பில்லை.

அதுவோ மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது.

ஏழாம் வரிசை இயக்குநருடைய ரகம். செடியைவிட உயரமாக ஒரு பலகை. ரகத்தின் பெயரைவிடப் பெரிதாக அவர் பெயர்.

எட்டாம் வரிசை அவளுடையது. காட்டுத் தக்காளியோடு ஆறு வருடம் கலந்து கலந்து எடுத்தது. கோலிக்குண்டு அளவில் காய். பலகை கிடையாது. "அந்தப் புதரை நாளைக்குப் பிடுங்கிடுங்க, நம்ம ரகத்துக்கு இடம் வேணும்" என்று காலையில்தான் உத்தரவாகியிருந்தது. நோயைத் தாங்கி நின்றது என்று காட்டினால் அது தப்பிக்கும். ஆறாம் வரிசை சாகாத வயலில் எதைக் காட்டுவது?

பத்து நாளாக அவள் வயல் பக்கமே வரவில்லை. அழைப்பிதழில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்ற ஆராய்ச்சியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

கடைசி நாற்காலியிலிருந்து மெல்ல நழுவினாள். மேடையோரத்து மேசையில் விருந்தினர்களுக்கான கண்ணாடித் தம்ளர்கள், தண்ணீரோடு. ஒன்றை எடுத்தாள். ஆறாம் வரிசையில் ஒரு தண்டை வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி தொங்கவிட்டாள்.

இரண்டு நிமிடம். புகை தலைகீழாக இறங்குவது போல, முனையிலிருந்து ஒரு வெள்ளை இழை இறங்கியது.

கிருமி இருக்கிறது. உள்ளே நோய், வெளியே பச்சை. இதெப்படி?

தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆறாம் வரிசை சாகவே இல்லையா?"

"அது செத்து பத்து நாளாச்சேம்மா. எல்லாம் பச்சையா இருக்கணும்னு ஆபீஸ்ல ஒரே சத்தம். பையில வளர்ந்த மிச்சச் செடிய எடுத்து நட்டுட்டேன். ஏழுலயும் சேர்த்துத்தான்."

"ஏழும் செத்துச்சா?"

"ஆறுக்கு முந்தியே." குரலைத் தாழ்த்தினார். "அதுல மிச்சச் செடி இல்ல. ஆறாம் வரிசை ரகத்தையே ரெண்டுலயும் வச்சிட்டேன். அதான் போர்டு இருக்கே, யாருக்குத் தெரியப்போகுது?"

"எட்டு?"

"அது செத்தாத்தானே மாத்துறதுக்கு?"

அவள் ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று வெட்டினாள். இன்னும் இரண்டு தம்ளர். மூன்று தண்டிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டினாள்.

ஏழின் தண்ணீரில் பால் சிந்தியது போலிருந்தது.

எட்டுக்காகக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இயக்குநரின் பேச்சு நீளமானது என்பதற்காக அவள் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

மூன்று தம்ளரையும் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுபோனாள். கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதென்ன?"

பாடப்புத்தகத்தில் இந்தச் சோதனையை எழுதியவரே இயக்குநர்தான். சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. மைக்கைத் தனக்கும் விருந்தினருக்கும் நடுவில் பிடித்தார்.

"ரொம்ப எளிய சோதனைங்க. நோய் இருந்தா இப்படி வெள்ளையா வடியும். தெளிஞ்ச தண்ணியோட இருக்கு பாருங்க, இதுதான் என் தக்காளி."

பலத்த கைதட்டல்.

சிறப்பு விருந்தினர் அந்தத் தம்ளரைக் கையில் எடுத்தார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்று, வயலை நோக்கி விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு... ரெண்டு..."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

பலகைக்கு நேராக வந்தபோது விரல் நிற்கவில்லை.