பம்புக்குப் போகாத கரண்டு

கார் கிளம்பவில்லை.

"பத்தரைக்குள்ள திருச்செங்கோடு போகோணும்டா! அந்தத் தறிக்காரன் எம்புள்ள கழுத்துல தாலி கட்டறதுக்குள்ள தடுக்கோணும்," என்று அப்புசாமி கத்தினார்.

அவர் சாவியைத் திருப்ப, மெக்கானிக் கருப்பண்ணன் காரின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டான்.

"பெட்ரோல் பம்பு கரண்டுல ஓடறதுங்க. டக்கு டக்குன்னு சத்தம் வரோணும். வரலீங்க."

"நீயும் அவனுக்குச் சேக்காளியா? வேணும்னே இழுக்கறயா?"

அப்புசாமி பெற்ற தாயையே சந்தேகப்படுகிற ஆள். கருப்பண்ணன் பம்புக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தான். முன்னால் எரிந்தது, டிக்கிக்குள் எரியவில்லை. விரிப்பைத் தூக்கினான்.

"ஒயரு தானா அறுகலீங்க. ஆரோ கத்திரிக்கோலால வெட்டியிருக்காங்க."

"அந்தத் தறிக்காரன் வேலைதான்!"

"டிக்கிப் பூட்டு ஒடையலீங்களே? சாவி போட்டுத்தான் தொறந்திருக்கோணும்."

"சாவி எப்பவும் என்ர அரைஞாண்லதான் கெடக்கும். தூங்கறப்பக்கூட அவுக்க மாட்டேன். புதங்கெழம எண்ணெ தேச்சுக் குளிக்கறப்ப மட்டும் என்ர சம்சாரத்துங் கையில..."

அப்புசாமி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று புதன்கிழமை. காலையில்தான் குளித்திருந்தார்.

கருப்பண்ணன் ஒயரை முறுக்கி டேப் சுற்றினான். பம்பு டக்கு டக்கென்றது. மணி பதினொன்று ஆகியிருந்தது.

மனைவி பாவாயி வீட்டிலிருந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பின்கதவைத் திறந்து, காருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்பப் போலாங்க," என்றாள். "இந்நேரம் தாலி ஏறியிருக்கும்."