சேர்க்கைப் படிவம்

"கையெழுத்து மட்டும் போட்டுக் குடும்மா. வேற எதுவும் கேக்காத" என்று சொல்லி, அண்ணன் ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தார்.

தங்கை எட்டிப் பார்த்தாள். படிவத்தின் தலையில் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லத்தின் முத்திரை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே முத்திரையோடு இதே படிவத்தை இதே மனிதர்தான் நீட்டினார். அதை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அவள் சக்கர நாற்காலியோடு இந்தத் தரைத்தள வீட்டுக்குக் குடிவந்தாள். அண்ணன் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"முதல்ல படிச்சுப் பாரு."

"எதுக்குப் படிக்கணும்? எனக்கு மனப்பாடம்."

அச்சகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது அவள் தொழில். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அண்ணன் கொண்டுவரும் படிவங்களை மட்டும் அவள் படிப்பதில்லை. முப்பது வயதில் தசை தளரும் நோய் கால்களைப் பிடித்த நாளிலிருந்து சான்றிதழ், சலுகை, சிகிச்சை என்று அவர்கள் குடும்பத்துக்கு வந்த படிவமெல்லாம் அவளுக்காக வந்தவைதான்.

அண்ணன் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அண்ணி போன பிறகு மகன் வீட்டோடு இருப்பவர். இன்றைக்கு வாசலில் இரண்டே படி ஏறச் சோம்பல்பட்டு, அவளுடைய சாய்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்து சாப்பிட்டு ஆளுக்கு உடம்பு வணங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்த அடுப்பு மேடையைத் தாழ்த்திக் கட்டினது யாரு?"

"பின்தெருக் கொத்தனார். முட்டிக்கு மேல நாலு விரல்னு நான்தான் அளவு சொன்னேன். ஏன், அதுலயும் குறை கண்டுபிடிக்கணுமா?"

"சும்மா கேட்டேன். காலைல குளிக்கறது, உடுத்தறதெல்லாம்?"

"ஒரு அம்மா வந்து ரெண்டு மணி நேரம் இருப்பாங்க. நானே பார்த்துப் பேசி வெச்ச ஆள்."

"அப்போ தனியா வாழறேன்னு சொல்றது பேச்சுக்குத்தானா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பத்து வருடமாகக் காத்திருந்தாள்.

"தனியா வாழறதுன்னா எல்லா வேலையையும் நானே செய்யறது இல்லண்ணா. நீ போட்டிருக்கற சட்டையை நீயா தெச்ச? உதவி எல்லாருக்கும்தான் வேணும். யாரு வரணும், எப்போ வரணும்னு நான் சொல்லணும், அவ்வளவுதான். அந்த இல்லத்துல அஞ்சு மணிக்குக் குளின்னா குளிக்கணும், எட்டு மணிக்குப் படுன்னா படுக்கணும். இங்க நேத்து பாதி நாள் நைட்டியோடயே உக்காந்திருந்தேன். ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கல."

அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வழக்கமாக அவள் நாலு வார்த்தை பேசுவதற்குள் நாற்பது வார்த்தை பேசுகிறவர்.

"விழுந்துட்டா என்ன பண்ணுவ?"

"மூணு தடவை விழுந்தாச்சு." கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துக் காட்டினாள். "இதை ஊதினா மாடியில இருக்கற டிரைவர் இறங்கி வருவார். முதல் தடவை ஊதினப்போ தெருவே திரண்டு வந்துடுச்சு. எதிர் வீட்டுக்காரங்களோட பேச்சு ஆரம்பிச்சதே அன்னிக்குத்தான்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "பயமா இருக்காதா?"

"முதல் வாரம் இருந்துச்சு. ராத்திரி கதவைச் சாத்திட்டு அழுதேன். அழுது முடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா, தாழ்ப்பாள் என் பக்கம் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா தாழ்ப்பாள் என் பக்கம். அப்புறம் தூங்கிட்டேன்."

அவர் திரும்பிக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு, "நீ கெட்டிக்காரிம்மா. அன்னிக்கு உன்னை நான் ரொம்பப் படுத்திட்டேன்" என்றார்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தை வர எத்தனை வருடம். ஆனாலும் படிவம் மேசைமேல் அப்படியேதான் கிடந்தது.

"இவ்வளவும் சொல்லிட்டு எதுக்கு இந்தப் பேப்பர்?"

"நாளைக்குள்ள குடுத்தாகணும்னு பையன் சொல்லிட்டான்."

அவளுக்குச் சுருக்கென்றது. தூக்கி வளர்த்த அண்ணன் மகனும் சேர்ந்துகொண்டானா. வந்த கோபத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இந்த முறை கிழிக்க வேண்டாம், தொழில்முறைப்படி பெயரை அடித்து, நீக்கவும் என்று ஓரத்தில் குறி போட்டே அனுப்பிவிடலாம். 'சேருபவர் பெயர்' என்ற கட்டத்தில் பேனா முனையை வைத்தாள்.

பேனா நகரவில்லை. கட்டத்தில் இருந்தது அண்ணனின் பெயர். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் கீழே, மகனின் கையெழுத்துக்கு அடுத்து இருந்த 'இன்னொரு நெருங்கிய உறவினர்' என்ற கட்டம்.

"உனக்கு வந்த அதே நோய்தானாம்" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "போன மாசம் டாக்டர் சொன்னார். அங்க இருக்கறதுதான் எனக்கு நல்லதுன்னு பையன் சொல்றான். அன்னிக்கு நான் உனக்குச் சொன்ன அதே வார்த்தை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். படிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பேனாவோடு அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல கொத்தனார் நம்பரை எழுதிக்கோ."