தளபதியின் பின்னங்கால்

“எங்க பரம்பரையில எந்த ஆம்பளையும் காலை இழுத்து நடந்ததில்ல, டாக்டரம்மா!” என்று பெரியவர் முழங்கினார்.

“மாமா, அது ஆமை,” என்று மருமகள் முணுமுணுத்தாள்.

“எங்க வீட்டு ஆமை! பேரு தளபதி!” குரல் உயர்ந்தாலும், கை ஆமையின் ஓட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. தளபதியின் பின்னங்கால்கள் சில நாளாய் எழும்பவே இல்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். “பயப்படாதீங்க ஐயா. வயிறு நிறைய முட்டை. அதுதான் காலை அழுத்துது. ஊசி போட்டா முட்டை இறங்கிடும், நடக்க ஆரம்பிச்சிடும்.”

பெரியவர் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்போ பேரை மாத்திடலாமா மாமா?”

“எதுக்கு? குடுத்த பட்டத்தைத் திருப்பி வாங்குற குடும்பமா நாம?” நெஞ்சை நிமிர்த்தித் தம்பிக்குப் போன் போட்டார்.

“டேய், நம்ம வீட்டுல விசேஷம்டா! மருமகளுக்கு இல்லடா, தளபதிக்கு!”