படம் இல்லாத நண்டு

வளைகுடாவின் குறுக்கே, சதுப்புக்கும் கடலுக்கும் நடுவே, வழவழப்பான பாதை ஒன்று போட்டிருந்தார்கள். அதன் ஒரு பாதியில் சைக்கிள் படமும், மறுபாதியில் நடக்கும் மனிதன் படமும் வரையப்பட்டிருந்தன. வயிறு நிறைய முட்டை சுமந்த தாய் நண்டு ஒன்று, சதுப்பிலிருந்து ஏறி, பாதையோரம் வந்து நின்றது.

ஸ்டாண்டில் நின்ற புதுச் சைக்கிள் வினவியது:

"ஏம்மா, எங்கே கிளம்பிட்டே?"

"கடலுக்குத்தான் அண்ணே. தண்ணி வடியறதுக்குள்ள பிள்ளைகளை இறக்கி விடணும்."

"தரையைப் பார். எனக்குப் படம் இருக்கு, நடக்கிறவருக்கும் இருக்கு. உனக்கு எங்கே?"

நண்டு கண்களை உயர்த்தித் தேடியது. இல்லைதான்.

"எட்டுக் கால் இருக்கு அண்ணே, ஒரு நொடியில போயிடுவேன்."

"பாதையில நீளமாப் போறதுதான் முறை. குறுக்கே போகக் கூடாது. உன் படம் போட வருவாங்க, அதுவரைக்கும் இரு."

விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நண்டும் இருந்தது. சைக்கிள்கள் சர்ரென்று பறந்தன. பாறைகளை விட்டு நீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கடற்காற்று ஓங்கி வீசியது. புதுச் சைக்கிள் தடுமாறி, இரண்டு படங்களையும் மறைத்துக்கொண்டு விழுந்தது. சைக்கிள்களில் வந்தவர்கள் கிறீச்சிட்டு நின்றார்கள். அடுத்தவர் வண்டியைத் தொடலாமா என்று தயங்கி, அனைவரும் மணியை மட்டும் அடித்தார்கள்.

விழுந்த சைக்கிளுக்கு அப்பால் வெறிச்சோடிய பாதையில் நண்டு இறங்கி நடந்தது.

"அம்மா, யாரையாவது கூப்பிடேன்!" என்று சைக்கிள் முனகியது.

நண்டு நின்று, மரியாதையுடன் நோக்கியது.

"குறுக்கேயா படுத்திருக்கீங்க அண்ணே? தூக்க வருவாங்க, அதுவரைக்கும் இருங்க."

இவ்வாறு ஆறுதல் கூறிவிட்டு, எட்டுக் கால்களாலும் விரைந்து, வடியும் நீரில் இறங்கியது.